ரீசைஸ் கமாண்டுக்கு "-10ஜி" குடுத்தா ஆப்ஷன்னு நினைச்சுக்குது, எப்படி சரி பண்றது?

கருந்திரை:

வணக்கம் மக்களே. எங்க டீமுக்குள்ள மட்டும் ஓடுற ஒரு கமாண்ட்லைன் டூல் இருக்கு, சி-ல எழுதினது. வால்யூமை பெருசாக்கறது, சிறுசாக்கறது, ஸ்னாப்ஷாட் எடுக்கறது, அவ்ளோதான். அடியில இருக்கறது பிடிஆர்எஃப்எஸ்ங்கற லினக்ஸ் ஃபைல்சிஸ்டம். எழுதினவர் வேற வேலைக்குப் போயிட்டாரு, இப்ப என் தலையில விழுந்துருக்கு.

பிரச்சினை இதுதான். "ரீசைஸ் 10ஜி /டேட்டா"ன்னா மொத்த சைஸையும் 10ஜி ஆக்கு. "+10ஜி"ன்னா 10 கூட்டு. "-10ஜி"ன்னா 10 குறை. ஹெல்ப்ல இந்த மூணும் இருக்கு, ஆனா மூணாவது ஓடாது. "தவறான ஆப்ஷன் -- '1'"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துடும். ஆப்ஷன்களைப் பிரிச்சுக் குடுக்கற சி ஃபங்ஷன் கெட்ஆப்ட்_லாங், அந்த மைனஸைப் பாத்ததும் "ஆஹா ஷார்ட் ஆப்ஷன்"னு உள்ள பூந்து 1-ங்கற ஆப்ஷனைத் தேடுது.

இது வெறும் எரிச்சலோட போயிருந்தா இங்க வந்து எழுதிருக்க மாட்டேன். ஒருத்தர் இந்த எர்ரரைப் பாத்துட்டு, சரி மைனஸ் போட்டா பிடிக்கல போலன்னு மைனஸை எடுத்துட்டு ஓட்டிருக்காரு. இப்ப அது "10 குறை" இல்ல, "மொத்தமே 10 ஆக்கு". உள்ள அதைவிட ஜாஸ்தி டேட்டா இருந்ததால ஃபைல்சிஸ்டமே இடம் பத்தாதுன்னு மறுத்துடுச்சு. டேட்டா கம்மியா இருக்கற வால்யூமா இருந்திருந்தா சத்தமில்லாம சுருங்கிருக்கும்.

ஆப்ட்ஸ்ட்ரிங் (எந்தெந்த ஷார்ட் ஆப்ஷன் உண்டுன்னு கெட்ஆப்ட்டுக்குச் சொல்ற ஸ்ட்ரிங்) முன்னாடி '+' போட்டுப் பாத்தேன், ஒண்ணும் மாறல. யாராச்சும் இதோட மல்லுக்கட்டினவங்க இருக்கீங்களா?

தயிர்வடை:

இதுல என்ன ப்ரோ இருக்கு, -- போடச் சொல்லுங்க. "ரீசைஸ் -- -10ஜி /டேட்டா". டேஷ்ல ஆரம்பிக்கிற ஃபைலை அழிக்க ஆர்எம் -- போடறோம்ல அதே கதைதான். யுனிக்ஸ் கமாண்டுகளுக்கான பாசிக்ஸ் தரத்தோட வழிகாட்டுதல்ல 10-வது விதியே இதான், -- வந்தா அதுக்கப்புறம் எல்லாம் ஆப்ஷன் இல்ல. கோட்ல ஒரு வரி மாத்த வேணாம், ஹெல்ப்ல ஒரு வரி சேத்தா போதும்.

சும்மாரூட்:

தயிர்வடை, ஹெல்ப்பை யாரு படிக்கிறா? மைனஸை எடுத்துட்டு ஓட்டினவர் ஹெல்ப்பைப் படிச்சாரா? அதுவுமில்லாம ஹெல்ப்ல "-10ஜி" குடுக்கலாம்னு போட்டுட்டு அது ஓடலன்னா அது யூசர் தப்பு இல்ல.

நூல்கண்டு:

கருந்திரை தம்பி, உங்க டூல் மட்டும் இல்ல, பிடிஆர்எஃப்எஸ்ஸோட சொந்த டூல் தொகுப்பான பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸே இந்தச் சுவத்துல முட்டினதுதான். அதோட ரீசைஸ் கமாண்டுக்கும் இதே மாதிரிதான் இலக்கணம்: முன்னாடி வேணும்னா டிவைஸ் நம்பர், ஒரு கோலன், அப்புறம் கூட்டல் இல்ல கழித்தல், அப்புறம் சைஸ், இல்லன்னா "மேக்ஸ்". ஆப்ஷனே இல்லாம இருந்த வரைக்கும் சிக்கல் வர வாய்ப்பு கம்மி. எப்ப --என்கியூ மாதிரி ஒரு லாங் ஆப்ஷன் வேணும்னு ஆச்சோ அப்ப கெட்ஆப்ட் கிட்ட குடுக்க முடியாது, ஏன்னா "-10ஜி" ஷார்ட் ஆப்ஷன் மாதிரியே இருக்கு. அதனால அந்த ஒரு கமாண்டுக்கு மட்டும் கையாலயே ஒரு லூப் எழுதி வச்சிருக்காங்க: ரெண்டு டேஷ்ல ஆரம்பிச்சா மட்டும் ஆப்ஷன், ஒத்த டேஷை ஆப்ஷனா பாக்கவே மாட்டேன்னு. கமென்ட்லயே காரணத்தையும் எழுதிருக்காங்க, சைஸ் நெகட்டிவா வரலாம், கெட்ஆப்ட் அதை ஷார்ட் ஆப்ஷன்னு எடுத்துக்கும்னு. போய்ப் படிச்சுப் பாருங்க, சின்ன கோட்தான்.

இன்னிக்கே வேலை ஆகணும்னா ஒரு குறுக்கு வழி இருக்கு. உங்க டூல் டிவைஸ் நம்பரை ஏத்துக்கும்னா "1:-10ஜி"ன்னு குடுங்க. முதல் எழுத்து 1, டேஷ் இல்ல, கெட்ஆப்ட் கண்டுக்காது.

'+' ஏன் வேலை செய்யலன்னா, அது "ஆப்ஷன் இல்லாத முதல் ஆளைப் பாத்ததும் நில்லு"ன்னு சொல்றது. உங்க கேஸ்ல முதல் ஆளே டேஷ் போட்டுக்கிட்டு நிக்கிறான், அவனை ஆப்ஷன் இல்லாதவன்னு கெட்ஆப்ட் எப்படி நினைக்கும்?

கருந்திரை:

"1:-10ஜி" ஓடுதுண்ணா! இப்போதைக்கு டீம்ல இதைச் சொல்லிட்டேன், நன்றி. ஆனா நிரந்தரமா எதாவது பண்ணணும். கையால லூப் எழுதறதுன்னா பயமா இருக்கு, எங்களுக்கு -வி, -என் மாதிரி ஷார்ட் ஆப்ஷனும் இருக்கு, மக்கள் பழகிட்டாங்க, எடுக்க முடியாது.

சும்மாரூட்:

ஃபைலோட உரிமைகளை மாத்தற சிஎச்மாட் என்ன பண்ணுதுன்னு பாருங்க. "சிஎச்மாட் -டபிள்யூ ஃபைல்"னு அடிக்கிறோம்ல, அங்கயும் இதே முட்டல்தான், -டபிள்யூ ஆப்ஷனா இல்ல "எழுதற உரிமையை எடு"ங்கற மோடா? லினக்ஸ்ல வர்ற க்னூ சிஎச்மாட்ல அந்த எழுத்தை எல்லாம், அப்புறம் 0-லேந்து 7 வரைக்கும் இலக்கத்தை எல்லாம், ஆப்ட்ஸ்ட்ரிங்லயே ஆப்ஷனா போட்டு வச்சிருக்காங்க, பின்னாடி ரெண்டு கோலனோட, அதாவது ஒட்டிக்கிட்டு எதாவது வந்தா அதையும் எடுத்துக்கோன்னு. நீங்களும் 0-லேந்து 9 வரைக்கும் அப்படிப் போட்டுட்டா "-10ஜி" வந்தா ஆப்ஷன் '1', அதோட ஆர்க்யுமென்ட் "0ஜி". ரெண்டையும் ஒட்டி சைஸ் ஆக்கிக்கலாம். கையால லூப்பே வேணாம்.

நூல்கண்டு:

அழகான யோசனை, ஆனா உள்ள ஒரு கண்ணிவெடி இருக்கு. ஷார்ட் ஆப்ஷன்களைச் சேத்து எழுதலாம், அது பாசிக்ஸ்ல 5-வது விதி. இப்ப ஒருத்தர் "-வி10ஜி"ன்னு அடிக்கிறாரு. அவர் மனசுல என்னவோ, ஸ்பேஸ் விட்டுப்போச்சோ என்னவோ. உங்க பார்சருக்கு அது -வி, அப்புறம் ஆப்ஷன் '1', அதோட "0ஜி". முடிஞ்சுது, 10ஜி குறைச்சுடும். எர்ரரே கிடையாது. முன்னாடியாவது "தவறான ஆப்ஷன்"னு கத்திக்கிட்டு நின்னுச்சு, இப்ப வாயை மூடிக்கிட்டு வெட்டும்.

சிஎச்மாட் கோட்ல ஆப்ட்ஆர்கை (கெட்ஆப்ட் பிரிச்சுத் தர்ற ஆர்க்யுமென்டை) எடுக்க மாட்டாங்க, ஆர்க்வி-ல (அடிச்ச வார்த்தைகளோட வரிசை) ஆப்ட்இன்ட்டுக்கு (அடுத்துப் படிக்க வேண்டிய வார்த்தையோட நம்பர்) ஒண்ணு முன்னாடி இருக்கற முழு வார்த்தையையும் எடுத்து அதைத்தான் மோடா படிப்பாங்க. நீங்களும் அப்படி எடுத்து, ரெண்டாவது எழுத்து இலக்கமா இருந்தா மட்டும் சைஸ், இல்லன்னா எர்ரர்னு போட்டா தப்பிக்கலாம். ஆனா அதுக்கு நேரா கெட்ஆப்ட்டைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே ஆர்க்வியை ஒரு சுத்து பாத்துட்டுப் போறது சுலபம்.

யாழ்நிரலி:

அண்ணை, பைதான்லயும் இதே வில்லங்கம் இருக்குது. நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினனான், ஆர்க்பார்ஸ் எண்ட லைப்ரரி தான். --சைஸ் -10 எண்டு குடுத்தால் ஓடும், --சைஸ் -10ஜி எண்டு குடுத்தால் "ஒரு ஆர்க்யுமென்ட் வேணும்" எண்டு எர்ரர். கன நேரம் விளங்கேல்லை. பிறகு சோர்ஸைப் பாத்தால், மைனஸோட வாறது சுத்தமான எண்ணோ எண்டு ஒரு ரெகெக்ஸ் வச்சுப் பாக்குது, ஜி சேந்தால் அது எண் இல்லை, அப்ப ஆப்ஷன் எண்டு முடிவு கட்டுது. --சைஸ்=-10ஜி எண்டு சமக்குறி போட்டால் சரி. ரஸ்ட்ல கிளாப் லைப்ரரி பாவிக்கிற ஆக்கள் அதுக்கெண்டே ஒரு செட்டிங் ஆன் பண்ண வேணும், தானா வராது.

தயிர்வடை:

அப்ப சமக்குறியைக் கட்டாயமாக்கிடுங்க, வேலை முடிஞ்சுது.

சும்மாரூட்:

உங்களுக்கு எல்லாமே ஒரு வரில முடியணும்.

சமக்குறி கதை வந்ததால ஒண்ணு: ஆர்க்யுமென்ட் இருந்தாலும் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம்னு மட்டும் எந்த ஆப்ஷனையும் வைக்காதீங்க. பாசிக்ஸ் 7-வது விதியே வேணாம்னு சொல்லுது. ஃபைலுக்குள்ள எழுத்தைத் திருத்தற செட் (sed) கமாண்டோட -ஐ-யை எடுத்துக்கோங்க. க்னூல பேக்கப் பேர் ஒட்டி வந்தாத்தான் எடுக்கும், ஃப்ரீபிஎஸ்டி-லயும் மேக்லயும் ஆர்க்யுமென்ட் கட்டாயம் குடுக்கணும், பேக்கப் வேணாம்னா காலி மேற்கோள் குறி போடணும். லினக்ஸ்ல எழுதின ஸ்கிரிப்ட் மேக்ல போய் படுத்துக்கும். க்னூலயே -ஐ-யும் -இ-யும் சேத்து -ஐஇ-ன்னு எழுதிட்டா, இ-யை ஆப்ஷனா எடுக்காம பேக்கப் ஃபைல் பேரோட வால்னு எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ஃபைலுக்கும் பின்னாடி இ ஒட்டின ஒரு காப்பி போட்டு வச்சிருக்கும். எத்தனை சர்வர்ல அந்த இ ஃபைல்களைப் பாத்துருக்கேன் தெரியுமா. எல்எஸ் --கலர் நெவர்னு அடிச்சா நெவர்ங்கற ஃபைலைத் தேடறதும் இதே காரணம்தான்.

பழையசோறு:

நானும் வரேன். 2011-ல பம்பிள்பீன்னு ஒரு ப்ராஜெக்ட், என்விடியா லேப்டாப்புக்கு, அதோட இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்ல /யுஎஸ்ஆர்-க்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விழுந்து ஆர்எம் -ஆர்எஃப் மொத்த /யுஎஸ்ஆரையும் அழிச்சுது, கிட்ஹப்ல அந்த கமிட்டுக்குக் கீழ அவ்ளோ கும்பல் கூடி கலாய்ச்சுது. ஆர்க்யுமென்ட் பார்சிங் பக்குன்னா அதான் ராஜா.

நூல்கண்டு:

அது பார்சிங் பக் இல்லை. ஆர்எம் தனக்குக் குடுத்ததை ஒழுங்காதான் படிச்சுது. ரெண்டு பாதைன்னு ஷெல் பிரிச்சுக் குடுத்துச்சு, ரெண்டையும் அழிச்சுது. கருந்திரை விஷயத்துக்கு அதைவிடக் கிட்ட இருக்கறது நட்சத்திரக்குறி. ஃபோல்டர்ல "-ஆர்எஃப்"னே பேர் வச்சு ஒரு ஃபைல் கிடந்து, நீங்க ஆர்எம் * அடிச்சா, ஷெல் அந்தப் பேரையும் விரிச்சுக் குடுக்கும், ஆர்எம் அதை ஆப்ஷனா படிச்சுக்கும். ஃபைல் பேர் எது ஆப்ஷன் எதுன்னு ஆர்க்விக்குள்ள போனப்புறம் எந்த அடையாளமும் கிடையாது, எல்லாம் வெறும் ஸ்ட்ரிங். ./* ன்னு அடிக்கிற பழக்கம் வந்துட்டா பொழைச்சோம். ஆர்எம்மே இப்ப அந்த மாதிரி ஃபைல் இருக்கறதைப் பாத்தா "./ போட்டுப் பாருங்க"ன்னு எர்ரர்லயே சொல்லிக் குடுக்கும். எர்ரர் மெசேஜ் அப்படி இருக்கணும்.

கருந்திரை, உங்க டூல்ல "தவறான ஆப்ஷன் '1'"ன்னு வந்ததுக்குப் பதிலா "குறைக்க நினைச்சீங்களா? இப்படி அடிங்க"ன்னு வந்திருந்தா அந்த மனுஷன் மைனஸை எடுத்திருக்கவே மாட்டாரு. பார்சரை மாத்தறதுக்கு முன்னாடி அந்த மெசேஜை மாத்துங்க.

கருந்திரை:

மெசேஜை மாத்தியாச்சுண்ணா. பார்சருக்கு இப்ப யோசிச்சு வச்சிருக்கறது: --குறை, --கூட்டு, --ஆக்குன்னு மூணு லாங் ஆப்ஷன் (நிஜப் பேர் இங்கிலீஷ்லதான்), மூணுக்கும் குறி இல்லாத சைஸ். பழைய "-10ஜி", "+10ஜி"யையும் விட்டுடாம கெட்ஆப்ட்டுக்கு முன்னாடியே பிடிச்சு இதுக்கு மாத்திக் குடுப்பேன். குறியே இல்லாத வெறும் "10ஜி" இப்ப இருக்கற சைஸைவிடக் கம்மியா இருந்தா மறுத்துடுவேன், --ஆக்கு போட்டு அடின்னு சொல்லிடுவேன். இது சரியா?

சும்மாரூட்:

சரி. ஆனா லாங் ஆப்ஷன்ல இன்னொரு பொறி இருக்கு, கெட்ஆப்ட்_லாங் சுருக்கிக் குடுத்தாலும் ஏத்துக்கும். வேற எதோடயும் குழம்பாத அளவுக்கு முதல் சில எழுத்து இருந்தா போதும். இன்னிக்கு --ஃபோர்ஸ் மட்டும் இருக்கு, ஒருத்தர் ஸ்கிரிப்ட்ல --ஃபோ-ன்னு எழுதி வச்சிட்டாரு. அடுத்த வருஷம் நீங்க --ஃபோர்மட் சேத்தீங்கன்னா அவர் ஸ்கிரிப்ட் "ரெண்டுல எது"ன்னு கேட்டு உடையும். உடைஞ்சா கூட நல்லது. ஆபத்தான ஆப்ஷனை ரெண்டு எழுத்துல கூப்பிட முடியறதுதான் பயம்.

ஆர்எம்ல 2006-ல வந்த க்னூ கோர்யூட்டில்ஸ் (ஆர்எம், சிஎச்மாட் எல்லாம் வர்ற தொகுப்பு) 6.4-லேந்து ரூட்டை அழிக்க விடாம இருக்கறதுதான் டீஃபால்ட், வேணும்னா --நோ-ப்ரிசர்வ்-ரூட் போடணும். அதை மட்டும் சுருக்கி எழுத முடியாது. ஆர்க்வில என்ன வார்த்தை நிஜமா வந்துச்சுன்னு எடுத்து முழுசா ஒத்துப் பாத்துட்டு, ஒரு எழுத்து குறைஞ்சாலும் இந்த ஆப்ஷனைச் சுருக்கக்கூடாதுன்னு திட்டி அனுப்பும். நீங்களும் --ஃபோர்ஸுக்கும் --ஆக்குக்கும் அதையே பண்ணுங்க. பைதான்காரங்களுக்கு இதை அணைக்க ஒரு செட்டிங் 3.5-லேந்து இருக்கு.

யாழ்நிரலி:

பிடிஆர்எஃப்எஸ் கமாண்ட்ல சப்கமாண்டையே சுருக்கலாம் எல்லோ, ஃபைல்சிஸ்டம் எண்டு முழுக்க அடிக்காமல் எஃப்ஐ எண்டு. அது வசதிதான், நானும் அப்பிடித்தான் அடிக்கிறனான். ஆனா ஸ்கிரிப்ட்ல எழுதக்கூடாது.

நூல்கண்டு:

சைஸை எண்ணா மாத்தற இடத்தைப் பாத்தீங்களா? குறியைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கோம், அதுக்கடுத்தாப்புல இருக்கற இலக்கத்துலதான் பாதி பக் ஒளிஞ்சிருக்கும். பழைய ஆள் எழுதினதுன்னா ஸ்ட்ரிங்-டு-அன்சைன்ட்-லாங் ஃபங்ஷனைத்தான் நேரா கூப்பிட்டிருப்பாரு. அந்த ஃபங்ஷன் மைனஸை ஏத்துக்கும்! அன்சைன்ட், அதாவது மைனஸ் இல்லாததுன்னு பேர்ல இருக்குன்னு நம்பிடாதீங்க. "-1" குடுத்தா 18446744073709551615 வரும், எர்ரர் வராது. முன்னாடி ஸ்பேஸ் இருந்தா தள்ளிட்டுப் போகும். பேஸ் 0 குடுத்திருந்தா "010"ங்கறது 8. எர்நோவை (எர்ரர் நம்பர் வந்து உக்காற வேரியபிள்) முன்னாடியே சைபர் ஆக்கலன்னா ஓவர்ஃப்ளோ ஆச்சான்னு நம்பிப் பாக்கவே முடியாது. எங்க நின்னுச்சுன்னு பாயின்டர் திருப்பிக் குடுக்கும், அதைப் பாக்கலன்னா "10ஜிக்ஸ்ஒய்" கூட 10ஜி ஆயிடும்.

அடுத்தது பெருக்கல். எண்ணு சின்னதா இருந்து எழுத்து பெருசா இருந்தா எர்நோ ஒண்ணும் சொல்லாது, நீங்க பெருக்கும்போதுதான் வழியும். 16 எக்ஸாபைட் குடுத்துப் பாருங்க. 16-ஐ 2-ன் 60-வது அடுக்கால பெருக்கினா 2-ன் 64-வது அடுக்கு, 64 பிட்டுக்குள்ள அது சைபர். "வால்யூமை 16 எக்ஸா ஆக்கு"ன்னா "சைபர் ஆக்கு"ன்னு போய் நிக்கும்.

கருந்திரை:

அண்ணா இப்பதான் ஓட்டினேன். சைபர்தான். சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

பழையசோறு:

எழுத்தே போடாம வெறும் 10-ன்னு குடுத்தா உங்களுது என்ன எடுக்கும்? பைட்டா? ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் பக்கம் இது பெரிய கூத்து. அதை உருவாக்கற எம்கேஇ2எஃப்எஸ்ல எழுத்து இல்லாத சைஸ் கிலோபைட், பிளாக் சைஸ் குடுத்திருந்தா மட்டும் பிளாக் கணக்கு. ரீசைஸ்2எஃப்எஸ்ல எழுத்து இல்லன்னா ஃபைல்சிஸ்டத்தோட பிளாக் கணக்கு, சாதாரணமா 4 கிலோபைட். ஒரே பேக்கேஜ்ல வர்ற ரெண்டு டூல்! டிஸ்க்கைக் காப்பி பண்ற டிடில எம்-ன்னா 1048576, எம்பி-ன்னா 1000000. டிஸ்க்கை வால்யூம்களா பிரிச்சு நிர்வகிக்கிற எல்விஎம்ல குடுக்கும்போது பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ எல்லாம் 1024 கணக்குதான்.

எல்விஎம்னதும் ஞாபகம் வருது, அதுல வால்யூமைச் சுருக்கற எல்விரெட்யூஸ்ல "-எல் 10ஜி"க்கும் "-எல் -10ஜி"க்கும் நீங்க சொன்ன அதே வித்தியாசம்தான். ஆனா அங்க சைஸ் -எல் ஆப்ஷனுக்கு ஆர்க்யுமென்ட், அதனால கெட்ஆப்ட் மைனஸைப் பாத்து மிரளாது, அடுத்த வார்த்தை எதுவா இருந்தாலும் வாங்கிக்கும். இதைத்தான் உங்க --குறை ஐடியாவும் பண்ணுது.

நூல்கண்டு:

பழையசோறு இந்தத் தடவை அடிச்சுட்டாரு. அதேதான். சைஸ் தனியா நிக்கிற வரைக்கும்தான் சந்தேகம், ஒரு ஆப்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் ஆயிட்டா சந்தேகமே இல்ல.

பாதையையும் பாருங்க. பிடிஆர்எஃப்எஸ் ரீசைஸ் சாதாரணமா டைரக்டரியை மட்டும்தான் ஏத்துக்கும். இமேஜ் ஃபைலைக் குடுத்தா, அந்த ஃபைல் எந்த ஃபைல்சிஸ்டத்துல உக்காந்திருக்கோ அதைப் போய் சுருக்கிடும், அதனால மறுக்கறோம்னு எர்ரர்லயே விளக்கமா எழுதி வச்சிருப்பாங்க. நீங்க நேரா கர்னலுக்கே ஐயோசிடில் கால் அடிக்கிறீங்கன்னா அந்தச் செக் உங்க பக்கம்தான் இருக்கணும்.

தயிர்வடை:

ஒரு சந்தேகம், சீரியஸா கேக்கறேன். ஆர்க்யுமென்டே இல்லாம ஓட்டினா?

சும்மாரூட்:

நல்ல கேள்வி (அட!). சும்மா பேரை மட்டும் அடிச்சா ஆர்க்சி (ஆர்க்வில இருக்கற வார்த்தைகளோட எண்ணிக்கை) 1, அது பரவால்ல. ஆர்க்சி சைபரா கூட வர முடியும், எக்ஸெக் பண்றவன் காலி லிஸ்ட் குடுத்தா. ரூட் உரிமையோட கமாண்ட் ஓட்டற பிகேஎக்ஸெக் அதுலதான் மாட்டுச்சு, 2022 ஜனவரில குவாலிஸ்ங்கற செக்யூரிட்டி கம்பெனிக்காரங்க வெளியிட்டாங்க. லூப் 1-லேந்து ஆரம்பிச்சு ஆர்க்வி[1]-ஐப் படிக்குது, ஆனா அங்க ஆர்க்வி முடிஞ்சு என்விரான்மென்ட் ஆரம்பிச்சிருக்கு. 2009-லேந்து அப்படியே கிடந்த பக். லினக்ஸ் 5.18-லேந்து கர்னலே ஒரு காலி ஸ்ட்ரிங்கைச் சேத்துடும். கருந்திரை டூல் செட்யுஐடி (யார் ஓட்டினாலும் ஓனரோட உரிமையில ஓடறது) இல்லன்னா பெருசா கவலைப்பட வேணாம், ஆனாலும் ஒரு இஃப் போட என்ன செலவு.

கருந்திரை:

பேட்ச் ரெடி. என்ன பண்ணிருக்கேன்னா, மெயின்லேந்து கெட்ஆப்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃபங்ஷன், ஆர்க்வியை நடந்து பாக்கும், -- வந்தா நின்னுடும், ஒரு வார்த்தை மைனஸ் இல்ல கூட்டல்ல ஆரம்பிச்சு அடுத்த எழுத்து இலக்கமா இருந்தா அதை --குறை= இல்ல --கூட்டு=ன்னு மாத்தி வைக்கும், "இனிமே இப்படி அடிங்க"ன்னு ஒரு வார்னிங்கும் போடும். நம்ம ஷார்ட் ஆப்ஷன் எதுவும் இலக்கம் இல்லங்கறதால மோதாது. "-வி10ஜி" பழையபடி எர்ரர். சைஸ் பார்சரைத் தூக்கிட்டு புதுசா எழுதிட்டேன், இலக்கம் மட்டும், பேஸ் 10, யூனிட் எழுத்து கட்டாயம், பெருக்கறதுக்கு முன்னாடி வகுத்துப் பாத்து வழியுமான்னு செக், சைபர்னா மறுப்பு. டெஸ்ட்ல "-10ஜி", "--10ஜி", வெறும் "-", காலி ஸ்ட்ரிங், "- 10ஜி", "010ஜி", 16 எக்ஸா, "10ஜிக்ஸ்ஒய்" எல்லாம் போட்டேன், பச்சை.

யாழ்நிரலி:

பாசிக்ஸ்லி_கரெக்ட் எண்ட என்விரான்மென்ட் வேரியபிளை வச்சு ஓட்டிப் பாத்தனீங்களோ? அது செட் ஆகி இருந்தால் க்னூ கெட்ஆப்ட் ஆர்க்யுமென்டுகளை இடம் மாத்தாது, முதல் பாதையைக் கண்டதும் நிண்டிடும். எங்கட ஆக்கள் கனபேர் ஆப்ஷனைக் கடைசியிலதான் அடிக்கிறவை.

கருந்திரை:

ஓட்டினேன். நல்லவேளை கேட்டீங்க.

"ரீசைஸ் --குறை 10ஜி /டேட்டா --ட்ரை-ரன்"னு அடிச்சா சாதாரணமா ட்ரை-ரன் வேலை செய்யுது. அந்த வேரியபிள் இருந்தா /டேட்டாவோட நின்னுடுது, --ட்ரை-ரன் இன்னொரு பாதை மாதிரி கடைசில தொங்குது, பழைய கோட் பாதைக்கு முதல் ஆளை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை எண்ணவே இல்ல. சும்மா பாக்கலாம்னு அடிச்சவனுக்கு நிஜமாவே சுருக்கிடும். விர்ச்சுவல் மெஷின்ல ஓட்டினேன், சுருக்கிடுச்சு.

நூல்கண்டு:

இப்ப அந்த '+' வேலைக்கு ஆகும். ஆப்ட்ஸ்ட்ரிங் முன்னாடி போட்டுடுங்க, வேரியபிள் இருந்தாலும் இல்லன்னாலும் ஒரே மாதிரி நிக்கும். அதோட பாதை சரியா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்னு ஆப்ட்இன்ட்டை ஆர்க்சியோட ஒத்துப் பாருங்க, கூடவோ குறையவோ இருந்தா வெளிய. மிச்சமா நிக்கிறது டேஷ்ல ஆரம்பிச்சா "ஆப்ஷனைப் பாதைக்கு முன்னாடி போடுங்க"ன்னு எர்ரர்.

சும்மாரூட்:

கடைசில ஆப்ஷன் போட்டுப் பழகினவங்க கத்துவாங்களே?

கருந்திரை:

கத்தட்டும், எர்ரர்ல எப்படி மாத்தி அடிக்கணும்னு அவங்க அடிச்சதையே வரிசை மாத்திக் காட்டிடறேன், காப்பி பண்ணி ஒட்டிக்கலாம். ஸ்கிரிப்ட்ல எங்கெல்லாம் அப்படி இருக்குன்னு கிரெப் போட்டு எடுத்துட்டு இருக்கேன், நைட்டு பேக்கப் ஸ்கிரிப்ட் ஒண்ணுலயும் ட்ரை-ரன் கடைசிலதான் இருக்கு. அதைத் திருத்தினப்புறம்தான் மெர்ஜ்.